காட்சி ஏகமனதாக ஏற்கப்பட்டது

எங்கள் ஊரான ரோட்டன்வைலரில் ஏழு பேருக்கு ஒரே ஆசை இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அதற்கு ஒரு சங்கம் பதிவாகிவிடும். முயல் வளர்ப்பவர்களுக்குச் சங்கம் உண்டு. அதிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. பழைய டிராக்டருக்கு, பூசணிக்காய்க்கு, சேர்ந்து பாடுவதற்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. இவை எல்லாவற்றிலும் மூத்தது மலைநேசர் சங்கம். ஊரில் மலை கிடையாது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. அதன் உச்சியில் சங்கம் ஒரு பெஞ்சு போட்டு, உயரத்தைப் பலகையில் எழுதி வைத்து, வருஷா வருஷம் வண்ணம் பூசுகிறது.

இந்தச் சங்கத்தில் கெர்வின் ஹைப்லே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பேக்கரியில் காதில் விழுந்தபோது, வரிசையில் நின்ற எல்லோரும் ரொட்டியை மறந்துவிட்டோம். கெர்வினுடைய குறை ஊரறிந்தது. 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், கையெழுத்து வேறு அழகாக இருக்கும். இப்படி ஒருவரை எங்கள் ஊர்ச் சங்கங்கள் சும்மா விடுமா? இரவல் வாங்கிய ஏணியைத் தீயணைப்புப் படைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனவர், செயலாளராகத் திரும்பி வந்தார். தங்கை மகளுக்கு முயல்குட்டி வாங்கப் போனவர், முயல்குட்டி இல்லாமல் கண்காட்சிப் பொறுப்பாளர் பதவியோடு வந்தார்.

அவர் மனைவி ரோஸ்விதா போராடித்தான் அவரை ஒவ்வொரு பதவியிலிருந்தும் பிடுங்கி எடுத்தார். ராஜினாமாக் கடிதங்களை எல்லாம் அவரே எழுதினார். கெர்வின் கையெழுத்து மட்டும் போட்டார். கடைசிப் பதவி கழன்ற வாரம் ஒரு பழைய கேரவன் வண்டி அவர்கள் வாசலில் வந்து நின்று தெருவில் பாதியை அடைத்துக்கொண்டது. மே மாதம் இருவரும் அதில் நார்வே போகிறார்கள், கோடை முழுவதும் அங்கேதான். திரைச்சீலை தைத்தாயிற்று, டயர் மாற்றியாயிற்று, பின்பக்கம் எங்கே ஒடுங்கியிருக்கிறது என்பது வரை எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

இந்த நேரத்தில் எதற்கு இன்னொரு சங்கம்? கெர்வின் வாழ்நாளில் லின்க்ஸ் பார்த்ததில்லை. காதில் கறுப்புக் குஞ்சம் வைத்துக்கொண்டு, உலகத்தில் யாரையும் மதிக்காத முகத்தோடு உட்கார்ந்திருக்குமே, அந்தக் காட்டுப்பூனை. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் பயணம் போட்டிருந்தார்கள். அல்கோய் மலைக்காட்சி, வனவிலங்குப் பூங்கா, லின்க்ஸுக்குத் தீனி போடுவதை நேரில் பார்த்தல், பிளம் கேக். அடியில் எறும்பு எழுத்தில் 'சில சங்க அலுவல்கள்'. உறுப்பினர்களுக்கு மட்டும்.

பயணத்தன்று காலை அவர்கள் சமையலறையில் ஒத்திகை நடந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“மலையைப் பாரு. லின்க்ஸைப் பாரு. கேக்கைத் தின்னு. வீடு வந்து சேரு,” என்றார் ரோஸ்விதா. “யாராவது தோள்ல கைய போட்டு 'நீங்கதான் சரியான ஆளு'ன்னு ஆரம்பிச்சா என்ன சொல்லுவ?”

“யோசிச்சுச் சொல்றேன்னு...”

“கெர்வின்!”

“முடியாதுன்னு.”

“சத்தமா சொல்லு.”

“முடியாது.”

“வெண்ணெயை இப்படித் தள்ளுங்கன்னு கேக்கிற மாதிரி இருக்கு. வயித்துலேர்ந்து வரட்டும்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இங்க பாரு, நான் விளையாடல. இன்னொரு பதவியோட வந்தேன்னா, மே மாசம் நீ இங்க கூட்டம் போட்டுக்கிட்டு இரு. வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.”

ரோஸ்விதா சொன்னால் செய்வார். அது கெர்வினுக்கும் தெரியும்.

சந்தைத் திடலில் பேருந்து நின்றது. படியில் மைக்கோடு நின்றவர் சங்கத் தலைவர் லோதர் ரீகர். அவர் எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். வெள்ளை மீசை, தொப்பியில் பதினைந்து மலைகளின் வில்லைகள், கையில் குடை. உள்ளே, உறுப்பினர் மூப்புப்படி இருக்கை. ஜன்னலோர இடமெல்லாம் தங்க வில்லை வாங்கியவர்களுக்கு. புது உறுப்பினரான கெர்வினுக்குக் கடைசிக்கு முந்தின வரிசையில், பேருந்தின் கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிரே, நடைபாதை ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் ஓட்டிலி அம்மாள். தங்க வில்லைக்காரர். உட்கார்ந்ததும் திரையை இழுத்து மூடினார்.

“அம்மா, திரையைக் கொஞ்சம் விலக்கிக்கலாமா? வழியில ஏரி தெரியுமாமே,” என்றார் கெர்வின்.

“ஏரி எங்க ஓடிடப் போகுது? போன வருஷமும் அங்கதான் கெடந்துச்சு. வெயில் பட்டா என் ஸ்வெட்டர் வெளுத்துப் போகும்.”

மைக் கரகரத்தது. “அன்பான உறுப்பினர்களே! வந்தவங்களை வரவேற்கிறேன். வர முடியாதவங்களையும் வரவேற்கிறேன். இது ஒரு உல்லாசப் பயணம். அதனால யாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு உல்லாசமா இருந்துடக் கூடாது. எப்போ, எங்க, எவ்வளவு நேரம் உல்லாசம்னு நிர்வாகக் குழு பல கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணியிருக்கு. அதைக் கெடுத்துடாதீங்க.”

கைதட்டல். முன் வரிசையில் செயலாளர் எக்பெர்ட் கைதட்டலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் யாரோ மேல்கூரைக் காற்றுத் துவாரத்தைத் திறந்தார்கள். “காத்து அடிக்குது!” என்று மூன்று பக்கமிருந்து அலறல் வந்தது. எங்கள் ஊரில் பனியில் வெறுங்காலோடு நடப்பார்கள். துவாரத்தில் வரும் காற்று கழுத்தில் பட்டால் மட்டும் உயிர் போய்விடும். வாக்கெடுப்பு நடந்தது. துவாரம் மூடப்பட்டது. பேருந்து அடுமனை அடுப்புப்போல் ஆயிற்று. கெர்வின் ஓட்டுநரிடம் சோடா கலந்த ஆப்பிள் சாறு ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தார். இன்னொன்றும் வாங்கினார். ஓட்டிலி அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரரைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“உங்களுக்கும் ஒண்ணு வாங்கவா?”

“எனக்கா? தேர்தல் இருக்கு ஐயா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தொண்டையை நனைக்கல நான்.”

“என்ன தேர்தல்?”

“சில சங்க அலுவல்கள்னு போட்டிருந்ததே, படிக்கலயா? வருஷாந்தரப் பொதுக்குழு. முன்னெல்லாம் ஊர் மண்டபத்துலதான் வைப்போம். பொருளாளர் தேர்தல் வந்ததும் ஜனங்க பின் கதவு வழியா ஓடிடுவாங்க. அதான் லோதர் யோசிச்சு இங்க கூட்டிட்டு வந்துட்டான். மலையில எங்க ஓடுவீங்க?”

“பொருளாளர் இல்லையா?”

“போர்ச்சுகல்ல இருக்கான். மக வீட்டுக்குப் போறேன்னு போனான். அவனுக்கு மகளே கிடையாது.”

“கணக்குல ஏதாவது...?”

“சேச்சே! கணக்கு சுத்தம். ஆளு ஓடினது பதவிகிட்டேர்ந்துதான்.” ஓட்டிலி அம்மாள் காதோரம் சாய்ந்தார். “நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம ஊர்ல யாரும் ஜெயிச்சுப் பதவிக்கு வர்றதில்ல. கழிப்பறைக்குப் போய்த்தான் வர்றாங்க. எழுந்து போனவன் திரும்பி வர்றப்போ எல்லாரும் கைதட்டுவாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. நீங்க ரெண்டு பாட்டில் குடிச்சிருக்கீங்க.”

கெர்வின் கையிலிருந்த இரண்டாவது பாட்டிலைப் பார்த்தார். அடியில் ஒரு மடக்குதான் மிச்சம் இருந்தது.

மலைக்காட்சி முனையில் இறங்கியபோது அவருக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. எதிரே பனி மூடிய சிகரங்கள் வரிசையாக, ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லாமல். அவர் இரண்டடி முன்னே வைத்தார்.

“ஹைப்லே! வரிசை!” என்றார் எக்பெர்ட்.

முதலில் சங்கப் படம். மலை பின்னணியில் தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அடுத்து, காலமான உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி, அதே நிலையில். அதற்கடுத்து தலைவர் உரை. லோதர் தாமும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையால் தோளுக்குப் பின்னே ஒவ்வொரு சிகரமாகக் குத்திக் காட்டிப் பெயரும் உயரமும் சொன்னார். மற்றவர்கள் பின்பாட்டாகச் சொன்னார்கள். கெர்வின் மட்டும் நைசாகத் தலையைத் திருப்பப் பார்த்தார்.

“பார்க்கணும்னு துடிக்கிறவங்க சிலர் இங்க இருக்காங்க,” என்றார் லோதர், அப்பக்கம் பார்க்காமலே. “புதுசா வந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். மலையைப் பார்க்கிறவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான். நாம நேசிக்கிறவங்க. நம்ம விதிமுறையை முழுசாப் படிச்சுப் பாருங்க. மலையை நேசிக்கணும்னு இருக்கு. பார்க்கணும்னு ஒரு இடத்துலயும் இல்ல. நான் தலைவரா இருக்கிற இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்ல. என் நேசத்துல ஏதாவது குறை கண்டீங்களா?”

யாரும் கண்டதில்லை. உரை முடிந்து திரும்பிக்கொள்ள அனுமதி வந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புக்கு எதிரே நின்றதுபோல் சங்கம் நின்றது.

“காட்சி திருப்திகரமாக இருந்தது என்று முன்மொழிகிறேன்,” என்றார் எக்பெர்ட். கைகள் உயர்ந்தன. எல்லோரும் தூக்குகிறார்களே என்று கெர்வினுடைய கையும் உயர்ந்தது. “எதிர்ப்பு? இல்லை. நடுநிலை? இல்லை. காட்சி ஏகமனதாக ஏற்கப்பட்டது.”

“நான் இன்னும் பார்க்கலையே,” என்றார் கெர்வின்.

“பார்த்ததா எழுதியாச்சு ஐயா. இனிமே பார்த்தா அது ரெண்டாவது தடவை. நிகழ்ச்சிநிரல்ல ஒரு தடவைதான்.”

மதியம் மலையடிவார விடுதி ஒன்றில் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ் பரிமாறினார்கள். தட்டுகள் பாதியாக இருக்கும்போதே லோதர் கரண்டியால் கோப்பையைத் தட்டிப் பொதுக்குழுவைத் தொடங்கி வைத்தார். கதவைச் சாத்தினார்கள். தலைவர் அறிக்கை, செயலாளர் அறிக்கை, மண்மேட்டு பெஞ்சின் வண்ணம் பற்றிய விவாதம் எல்லாம் முடிந்து பொருளாளர் தேர்தல் வந்தது. கூடமே தட்டுக்குள் குனிந்தது. ஸ்பெட்ஸ்லேயை இவ்வளவு உன்னிப்பாக ஆராய்ந்த மனிதர்களைச் சமையல் பள்ளியில்கூடப் பார்க்க முடியாது.

“யாராவது?” என்றார் லோதர் கனிவாக.

ஒருவருக்கு முழங்கால் சரியில்லை. ஒருவர் தேனீ வளர்க்கிறார். ஒருவருக்கு மாமியார் வந்து தங்கியிருக்கிறார், எப்போது போவார் என்று தெரியாது. இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் தம் காதைத் தொட்டுக் காட்டினார். கெர்வினுக்கு ஆப்பிள் சாறு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அவர் காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றிப் போட்டார். கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் தட்டிலிருந்து மெல்ல உயர்ந்து அவர் முழங்காலில் வந்து நின்றன.

“அசையாதீங்க,” என்று ஓட்டிலி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “மோப்பம் பிடிச்சிட்டாங்க.”

இப்படியே இருந்தால் யார் வீட்டுக்குப் போவது? சங்க விதி அதற்கும் வழி சொல்லவில்லை. திறந்த பொதுக்குழுவை எல்லாப் பதவிகளும் நிரம்பும்வரை முடிக்கக் கூடாது. பொதுக்குழு முடியும்வரை பயணத்தை முடிக்கக் கூடாது. கடைசியில் விடுதிக்காரர் வந்து, ஞானஸ்நான விருந்துக்குக் கூடம் வேண்டும், குழந்தை வாசலில் அழுகிறது என்றார்.

லோதர் கலங்கவில்லை. “கூட்டம் ஒத்திவைக்கப்படல. கூட்டம் நடந்துகிட்டே நகருது. பேருந்துல ஏறினாலும் நாம கூட்டத்துலதான் இருக்கோம். எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க.”

எனவே பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம் கெர்வின் கழிப்பறைக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து, அதன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கைநீட்டினால் எட்டும். வளைவுகளில் பேருந்து சாயும்போது அந்தக் கதவு தானாகவே திறந்து, உள்ளே விளக்கெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. முன் வரிசைக்காரர்கள் முறைபோட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நார்வேயை நினைத்துக்கொண்டார். அங்கே எங்கு பார்த்தாலும் தண்ணீர் விழும் என்று ஞாபகம் வந்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்.

பூங்கா வாசலில் வழிகாட்டிப் பெண் ஃப்ரோனி பச்சைச் சட்டையும் வாளியுமாகக் காத்திருந்தாள். வாளியில் லின்க்ஸுக்கு இறைச்சி. “எல்லாருக்கும் வணக்கம்! மான் காட்டைக் கடந்து போனா லின்க்ஸ். ரெட்டைக் கதவு வச்ச கம்பிக்கூண்டு வழியாப் போகணும். பின் கதவு முழுசாச் சாத்தினாத்தான் முன் கதவு திறக்கும், மான் வெளிய ஓடிடாம இருக்க. பத்துப் பத்துப் பேரா வாங்க.”

“எங்க சங்கம் பிரியாது,” என்றார் லோதர்.

“உள்ள பத்துப் பேர்தான் நிக்கலாம் ஐயா.”

“பாப்பா, நாங்க இப்ப பொதுக்குழுவுல இருக்கோம். பத்துப் பேர் அந்தப் பக்கம் போயிட்டா இந்தப் பக்கம் பெரும்பான்மை போயிடும். நூறு வருஷமாப் பிரியாத சங்கத்தை ஒரு மானுக்காகப் பிரிக்கச் சொல்றியா?”

சங்கம் மொத்தமாக உள்ளே நுழைந்தது. பேருந்தில் இருந்ததே பரவாயில்லை என்று ஆயிற்று. கடைசியில் வந்தவர் கையில் சங்கக் கொடி. கம்பைச் சாய்த்துப் பிடித்து நுழைந்து, முதுகால் கதவைத் தள்ளினார். கம்பின் அடிமுனை தாழ்ப்பாளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது பின் கதவு திறக்கவும் இல்லை, முழுசாகச் சாத்திக்கொள்ளவும் இல்லை. அது சாத்திக்கொள்ளாததால் முன் கதவும் திறக்கவில்லை.

“ஐயோ, யாரும் ஆட்டாதீங்க! அலுவலகத்துல சாவி இருக்கு, எடுத்துட்டு வர்றேன்,” என்று வெளியே நின்ற ஃப்ரோனி வாளியை வைத்துவிட்டு ஓடினாள்.

கம்பி வலைக்குள் மலைநேசர் சங்கம் நின்றது. ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். சிலருக்குத் தூக்கிய கையை இறக்க இடமில்லை. மான்கள் ஒவ்வொன்றாக மரங்களுக்கிடையிலிருந்து வந்து, வலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்த்தன. இந்தப் பக்கம் ஒரு டச்சுக் குடும்பம் நின்று படம் எடுத்தது. அப்பா, கதவருகே இருந்த விளக்கப் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: கூட்டமாக வாழும், ஆண் தலைமை தாங்கும், இலையுதிர் காலத்தில் உரக்கக் கத்தும்.

நெரிசலுக்கு நடுவில் லோதரின் குரல் எழுந்தது. குரலில் உண்மையான ஆனந்தம்.

“உறுப்பினர்களே! சுத்திப் பாருங்க. ஒருத்தரும் நழுவிப் போகல. ஒருத்தராலயும் போக முடியாது. சங்க வரலாற்றுலயே முதல் தடவையா வருகை முழுசா இருக்கு. இப்படி ஒரு ஒற்றுமைக்காகத்தான் நான் இத்தனை வருஷமாப் பாடுபட்டேன். எக்பெர்ட், எழுதுங்க.”

“கை வரல தலைவரே.”

“மனசுல எழுதுங்க.”

கெர்வினுடைய இடது கை ஓட்டிலி அம்மாளின் கைப்பைக்கும் யாரோ ஒருவரின் முதுகுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. வலது கை கொடித் துணிக்குள். முகம் மட்டும் வலையோடு ஒட்டியிருந்தது. அந்த வலைக்கு அப்பால், மான் காட்டையும் தாண்டி, பாறை மேல் அது உட்கார்ந்திருந்தது. காதில் கறுப்புக் குஞ்சம். லின்க்ஸ் அவரைப் பார்த்தது. இறைச்சி வாளியைப் பார்த்தது. வாளி வருகிற மாதிரி தெரியவில்லை. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. எழுந்து, முதுகை நெளித்து, போக நினைத்த பக்கம் போயிற்று. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கை நெரிசலைத் துளைத்துக்கொண்டு வந்து கெர்வினின் தோளில் விழுந்தது.

“ஹைப்லே,” என்றார் லோதர். “நான் சுத்தி வளைக்க விரும்பல. நீங்கதான் சரியான ஆளு.”

கெர்வினுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வயிற்றிலிருந்தே வந்தது.

“முடியாது!”

மான்கள் சிதறி ஓடின. டச்சுக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். கெர்வினே தம் குரலைக் கேட்டு வியந்துபோயிருந்தார்.

லோதரின் கண்கள் பனித்தன. “கேட்டீங்களா? எப்படிச் சொன்னாரு பார்த்தீங்களா? பொருளாளருக்கு என்ன தெரியணும்? கூட்டல் கழித்தலா? அதுக்கு மெஷின் இருக்கு. கேக்கிறவன் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லத் தெரியணும்! போன ஆளு எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினான். நான் புது மைக் கேட்டேன், சரின்னான். ரெண்டாவது கொடி கேட்டேன், சரின்னான். நான் கேட்டதே தப்புன்னு எனக்கே தெரியும், அவன் தடுக்கலையே! என்கிட்டேர்ந்து இந்தச் சங்கத்தைக் காப்பாத்த ஒரு ஆள் வேணும்னு நான் எத்தனை நாளாத் தேடினேன்!”

“நான் மாட்டேன்னு சொல்றேன்!”

“அதே குரல்!”

“மே மாசம் நான் ஊர்லயே இருக்க மாட்டேன்!”

“உறுதி பாருங்க! மூணு தடவை கேட்டாச்சு, அசையல. இவர் இருக்கிற வரைக்கும் நம்ம கஜானாவை யாரும் தொட முடியாது. ஆதரிக்கிறவங்க?”

தூக்கிய கைகளை இறக்க இடமில்லாதவர்கள் பலர் இருந்தார்கள். மற்றவர்கள் சந்தோஷமாகத் தூக்கினார்கள்.

“எதிர்க்கிறவங்க?”

கெர்வின் வலது கையை இழுத்தார். கொடி இன்னும் இறுகிற்று. இடது கையை இழுத்தார்.

“ஐயோ, என் பையோட வார் அறுந்துடும்,” என்றார் ஓட்டிலி அம்மாள்.

“எதிர்ப்பு இல்லை. ஏகமனதாக,” என்றார் எக்பெர்ட் மனசுக்குள் எழுதிக்கொண்டே.

சாவி வந்தது. ஃப்ரோனி எதையோ நெம்பி, கொடிக்கம்பை விடுவித்து, பின் கதவை அகலத் திறந்தாள். காற்று வந்தது. “வாங்க, வாங்க, எல்லாரும் வெளிய வாங்க!”

ஒருவரும் அசையவில்லை.

“ஏன் நிக்கிறீங்க? திறந்துடுச்சு!”

“கூட்டம் முடியல பாப்பா,” என்றார் லோதர். “தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஏத்துக்கிட்டேன்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் கூட்டம் முடியும். முடிஞ்சா யார் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் போகலாம்.” அவர் கெர்வின் பக்கம் திரும்பினார். “அவசரமே இல்ல. நாங்க காத்திருக்கோம்.”

திறந்த கதவுக்கு நேரே, புல்வெளிக்கு அப்பால், மரத்தாலான ஒரு சின்னக் குடில். கதவில் ஆண் உருவம். நாலு எட்டு வைத்தால் போயிற்று. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? ஆனால் கூட்டம் நடக்கும்போது வெளியே போனவனுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கெர்வின் கதவைப் பார்த்தார். குடிலைப் பார்த்தார். தம்மைச் சுற்றி நின்ற, நேற்று மாலையிலிருந்து தொண்டை நனையாத அந்தப் பொறுமையான முகங்களைப் பார்த்தார்.

“சரி,” என்றார்.

வெண்ணெய் கேட்கிற குரலில்தான் வந்தது. அவ்வளவுதான். புல்வெளியில் ஓடிய வேகத்தைப் பார்த்து மான்கள் இரண்டாம் முறை சிதறின.

அவர் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சங்கம் புல்வெளியில் அரைவட்டமாக நின்று அவரைப் பார்த்ததும் கைதட்டியது.

“போதும், போதும், பொருளாளர்தானே ஆனேன்,” என்றார் கெர்வின் கூச்சத்தோடு.

“இது வேற,” என்றார் ஓட்டிலி அம்மாள். “கூட்டத்தை முடிக்கிறதுக்கு முன்னால கொடிக் காப்பாளர் பதவியும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. நீங்க அங்க இருந்தீங்க. நான் உங்ககிட்டக் காலையிலயே சொன்னேன்ல?”

“ஏத்துக்கிட்டேன்னு நான் வாயால சொல்லணுமே!”

“பொருளாளர் பதவிக்கு நீங்க சொன்ன சரியே இதுக்கும் போதும்னு தீர்மானம் போட்டாங்க. அதுவும் ஏகமனதா.”

கையில் கொடியைக் கொடுத்தார்கள். நாடா கட்டிய அட்டைப் பெட்டியில் ஒரு பாட்டில் ஒயினும் கொடுத்தார்கள். பதவியேற்கும் ஆணுக்கு ஒயின், பெண்ணுக்குப் பூங்கொத்து, எங்கள் ஊரில் எல்லாச் சங்கத்திலும் அப்படித்தான். நிர்வாகி ஆகிவிட்டதால் ஊர் திரும்பும்போது அவருக்கு ஜன்னலோர இடம். மேகம் முழுக்க விலகி, சாயங்கால வெயிலில் சிகரங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததாம். அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த லோதர் மாதாந்தரக் கூட்டங்கள், ஜூன் தணிக்கை, ஜூலைக் கோடைவிழா, ஆகஸ்டில் கொடிக்கு இஸ்திரி போடும் முறை என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தார். கெர்வின் கேட்டுக்கொண்டே, ரோஸ்விதாவிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். ஊர் எல்லை வரைக்கும் கிடைக்கவில்லை.

சந்தைத் திடலில் ரோஸ்விதா நின்றிருந்தார். கையில் செலோபேன் சுற்றிய பூங்கொத்து.

கெர்வினுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. என் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்துப் பூவோடு வந்திருக்கிறாளே என்று நினைத்து, ஒயின் பெட்டியை முதுகுக்குப் பின்னே மறைத்தார். கொடியை எங்கே மறைப்பது?

“எனக்கா?” என்றார்.

ரோஸ்விதா கொடியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்தார். கத்தவில்லை. அது கெர்வினுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“தோட்டக்காரங்க சங்கத்துல வாங்கின கேக் தட்டைத் திருப்பிக் குடுக்கலாம்னு போனேன்,” என்றார் ரோஸ்விதா. “தட்டை வச்சுட்டு வந்துடறதுதான். வாசல்லயே நின்னேன் கெர்வின். உள்ளகூடப் போகல.”

பூங்கொத்தின் நாடாவில் தங்க எழுத்துகள் தெரிந்தன. கெர்வின் அதைப் படித்தார்.

“தலைவரா?”

“ம்.”

“முடியாதுன்னு சொன்னியா?”

“வாயைத் திறக்கிறதுக்குள்ள கைதட்டிட்டாங்க. நீ?”

“மூணு தடவை சொன்னேன். வயித்துலேர்ந்து.”

ரோஸ்விதா அவரை நம்பினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொடியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எங்கள் தெருவில் திரைச்சீலைகள் எல்லாம் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. கேரவன் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் இருவரும் நின்றார்கள்.

“உங்களுக்கு என்னைக்குக் கூட்டம்?” என்றார் ரோஸ்விதா.

“முதல் வெள்ளி. உங்களுக்கு?”

“கடைசி வியாழன். ஜூன்ல நாத்துச் சந்தை.”

“எங்களுக்குத் தணிக்கை.”

கெர்வின் வண்டியின் ஒடுங்கிய பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். “அப்போ இதை வித்துடலாமா? தெருவையாவது அடைக்காம இருக்கும்.”

“யாருகிட்ட போய் விக்கிறது?”

“கேரவன்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு. ஒரு நடை போய் விசாரிச்சுட்டு வந்துடறேனே.”

ரோஸ்விதா பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.